அலமாரிக்குக் குலம் இல்லை

சேர்த்து வைக்க ஏதாவது இருப்பவர்களுக்குத்தான் அலமாரி தேவைப்படும். நம் பாட்டன் பாட்டிகளின் வீடுகளில் அலமாரி ஏன் இல்லை என்று கேட்டால் அதுதான் பதில். அடுக்குப்பானை இருந்தது, உறி இருந்தது, துணி போடக் கொடி இருந்தது. கொஞ்சம் வசதியான வீட்டில் ஒரு தகரப் பெட்டி. பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் டி.சி. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் சுருட்டிக் கூரை மூங்கிலில் செருகியிருப்பார்கள். மழை ஒழுகினால் பை நனையும். கூரைக்குத் தீ வைத்தால் முதலில் எரிவதும் அந்தப் பைதான்.

1892இல் அன்றைய சென்னை மாகாண அரசின் ஆணைப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்காக நம் மக்கள் இன்றும் அலைகிறார்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். நிலம் கைமாறிப்போன கதையோடு, காகிதம் கையில் தங்காமல் போன கதையும் சேர்ந்தே இருக்கிறது. அதனால்தான் அலமாரி பற்றி எழுதுவதை வீட்டு அலங்காரப் பேச்சு என்று நாங்கள் நினைக்கவில்லை.

இந்த ஆண்டு இரண்டு அறையுள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். நாங்கள் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த உண்மை அறியும் குழு அறிக்கைகள், முதல் தகவல் அறிக்கை நகல்கள், மனுக்கள், நின்றுபோன சிற்றிதழ்கள், புத்தகங்கள் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. புதுத் தேக்கில் செய்யத் தச்சர் சொன்ன தொகை எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைகளில் பளபளவென்று நிற்கும் மரத்தூள் பலகை அலமாரியோ தண்ணீர் பட்டால் அடிப்பகுதி உப்பிவிடும், புத்தகக் கனத்தில் தட்டு வளையும். பழைய தேக்கு அலமாரி ஒன்றைத் தேடுவது என்று முடிவு செய்தோம்.

“ஆண்டை வீட்டுச் சாமானை நம்ம வீட்டுக்குள்ள ஏத்தணுமா தோழர்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மரம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. காட்டில் வெட்டி, யானை கட்டி இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு, கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் மூட்டை சுமந்தவர்களில் நம் ஊர்களிலிருந்து போன கூலிகள் ஏராளம். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது, கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். பலர் வழியிலேயே செத்தார்கள். மரம் வந்து மாளிகையில் நின்றது. சுமந்தவர் பெயர் எந்த மாளிகையிலும் இல்லை. அப்படியிருக்க, ஓர் அலமாரியை ஆண்டையின் சொத்து என்று நாமே ஏன் எழுதிக்கொடுக்க வேண்டும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பாகப்பிரிவினையிலும் பராமரிப்பில்லாமலும் இடிபடும்போது தூண், கதவு, அலமாரி, எனாமல் பாத்திரம் என்று எல்லாம் வந்து சேரும் தெரு அது. முதலில் நுழைந்த கடைக்காரர் ஒவ்வொரு சாமானுக்கும் வம்சம் சொன்னார். இது ஜமீன் வீட்டுது, இது பெரிய வீட்டுது. வம்சம் ஏற ஏற விலையும் ஏறியது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்க எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?” என்றார். சொன்னோம். அதுவரை ‘சார், மேடம்’ என்றவர், “வாங்குறதா இருந்தா சொல்லுங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மரத்துக்கு வம்சம் சொல்கிறவர் மனிதருக்கும் கேட்கத்தான் செய்வார். நாங்கள் அடுத்த கடைக்குப் போனோம்.

அங்கேதான் எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. யார் வீட்டிலிருந்து வந்தது என்று பார்க்கக் கூடாது. எப்படிச் செய்யப்பட்டது, இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். எங்களோடு வந்த தச்சுத் தோழர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறோம்.

முகப்பைப் பார்த்து மயங்காதீர்கள், முதுகைப் பாருங்கள். முன்பக்கம் தேக்கும் பின்பக்கம் பிளைவுட்டுமாக ஒட்டுப்போட்டவை நிறைய உண்டு. இழுப்பறையை முழுதாக வெளியே எடுங்கள். மூலையில் விசிறி போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் நல்ல வேலை. வெறும் ஆணி அடித்திருந்தால் நாளைக்கே ஆடும். கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களுக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. நூறு வருடப் பொருள் என்று விலை சொல்லும் அலமாரியில் அது இருந்தால், ஒன்று புதிதாகச் செய்தது, இல்லை பழுது பார்த்தது. பழுது பார்த்தது குற்றமில்லை. அதை மறைத்து விலை வைப்பதுதான் குற்றம்.

விரலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரம் கெட்டியாகப் பேசும். உளுத்த மரம் பொத்தென்று ஒலிக்கும். சிறு துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பழைய காயமாக இருக்கலாம். தட்டித் தூசியைத் துடைத்துவிட்டு, சில நாள் கழித்து வந்து பாருங்கள். பழைய பெயின்ட் இருந்தால் வீட்டுக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள். முன்பு பெயின்டில் ஈயம் தாராளமாகக் கலந்தார்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் கறாரான வரம்பு வந்தது 2017இல்தான். அந்தத் தூள் பிள்ளைகளுக்கு விஷம்.

கடைசியாக, கையில் டேப் வைத்துக்கொள்ளுங்கள். வளவு வீட்டுக்குச் செய்த ஏழடி அலமாரி நம் தொகுப்பு வீட்டு வாசலில் நுழையாது. எங்களுக்கு அமைந்தது ஆறடி உயரம், மூன்றரை அடி அகலம், கண்ணாடிக் கதவு, ஐந்து தட்டு. ஏதோ மருந்துக்கடையில் இருந்ததாம். நாங்கள் வம்சம் விசாரிக்கவில்லை. ஒரு காலில் கறையான் தின்ற தடம் இருந்தது. தச்சர் அந்தக் காலை மட்டும் மாற்றிக்கொடுத்தார். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி, கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டு வைத்து நிறுத்தி, மேற்பகுதியைச் சுவரில் இரும்புப் பட்டையால் பிணைத்திருக்கிறோம். கதவைத் திறந்து பிள்ளைகள் தொங்கினால் அலமாரி சாயக் கூடாது. தட்டுகளில் பருத்தித் துணி விரித்து, மூலைகளில் வசம்பு போட்டிருக்கிறோம்.

இரும்பு பீரோ போதாதா என்று கேட்கலாம். நம் வீடுகளுக்குள் முதலில் வந்த பூட்டு அதுதான். அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தியவர்கள் பீரோக்களையும் உடைத்தார்கள். நகை போனது, பணம் போனது, பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. இரும்போ தேக்கோ, சாதி வெறிக்கு முன்னால் எந்தக் கதவும் காவல் இல்லை. ஒரே காகிதம் நான்கு இடத்தில் இருப்பதுதான் காவல்.

பள்ளிக்குக் கோணியை வீட்டிலிருந்து எடுத்துப்போய் உட்கார வேண்டியிருந்த பிள்ளைதான் பின்னாளில் பம்பாய் தாதரில் ராஜகிருகத்தைப் புத்தகங்களுக்கும் இடம் வைத்துக் கட்டினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் அவரது எழுத்துகள் தொகுப்பாக வர முடிந்தது. வைத்திருக்க ஓர் இடமும் வைத்திருக்கும் பிடிவாதமும் இல்லாமல் போயிருந்தால், நமக்குப் பண்டிதரே இல்லை.

எங்கள் அலமாரிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். முக்கியமானவற்றை ஸ்கேன் செய்து மூன்று தோழர்களிடம் கொடுத்திருக்கிறோம். நீங்கள் அலமாரி வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பட்டாவின் நகல் வேறு யார் வீட்டில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். எங்கும் இல்லையென்றால் முதல் வேலையாக அதை எடுத்துக் கொடுத்து வையுங்கள்.