ஹராகெகேயும் பன்னும்

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலமாய்க் கிடக்கும் பெரியகல்லாற்றிலே பிறந்து, தோணியோடும் வலையோடும் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரில் சாகசம் தேடிக் கடல் கடந்து போகவேண்டிய அவசியம் இல்லையென்பதே என் அபிப்பிராயம். ஆயினும் நியூசிலாந்தில் குடியேறியிருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்த சமயத்தில், கைத்தூனா ஆற்றில் ரப்பர்த் தோணியேறி, ஏழு மீற்றர் உயரமான தூத்தேயா வீழ்ச்சியிலே குதித்தே தீருவதென்று என் துணைவியார் பிடிவாதமாக நின்றார். அவர் குதித்தார், நான் கரையில் நின்று பைகளைக் காவல் காத்தேன். அந்த விநோதத்தை எழுதும் உரிமை அவருடையது. நான் எழுத விரும்புவது அதன்பின் ரொட்டோருவாவில் இருவருமாகக் கண்ட கைப்பணியாளரைப் பற்றி.

ரொட்டோருவாவை அணுகும்போதே கந்தக வாடை மூக்கில் ஏறுகிறது. நகரின் தென்புறத்து வக்காரேவாரேவாப் பள்ளத்தாக்கில் பூமியின் உஷ்ணத்தால் சேறு கொதிக்க, போஹுட்டு என்னும் வெந்நீரூற்றுச் சில வேளைகளில் முப்பது மீற்றர் வரை எழும்புகிறது. 1886ஆம் ஆண்டு ஜூன் 10ஆந் திகதி தரவேரா எரிமலை வெடித்தபோது ஊரையும் உறவையும் இழந்த மாவோரிக் குலத்தவர் சிலர் இங்கே வந்து குடியமர்ந்து, பிரயாணிகளுக்கு வழிகாட்டிகளாகி ஜீவித்தார்கள் என்று கேட்டபொழுது, 2004 மார்கழியில் கடல் ஏறி வந்த கரையைச் சேர்ந்த எங்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படவில்லை.

பெரும்பாலோர் ஊற்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே வளவிலுள்ள தே புயா என்னும் நிறுவனத்தின் கைப்பணிக் கூடங்களில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். அங்கே மூலப்பொருள் ஹராகெகே என்னும் செடி. சதுப்பு நிலத்திலும் ஆற்றோரத்திலும் விளைவது, ஆளுயரத்தை மிஞ்சும் இலைகளையுடையது. நடுக்குருத்தைப் பிள்ளையாகவும், அதன் இருமருங்கும் நிற்கும் இலைகளைத் தாய் தந்தையராகவும் பாவித்து, அம்மூன்றையும் ஒருபொழுதும் தீண்டாமல், வெளிப்புறத்து முதிர்ந்த இலைகளாகிய பாட்டன் பாட்டியரை மாத்திரமே சரிவாக வெட்டி எடுக்கவேண்டுமென்பது மாவோரிப் பெண்களின் சம்பிரதாயம். மழையிலும் இரவிலும் கத்தி வைப்பதில்லை. கழிவுகளைக் குப்பையில் எறியாமல் செடியின் அடியிலேயே இடுகிறார்கள்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, பியுபியு என்னும் ஆட்டப் பாவாடைக்கு இலை தயாரித்துக்கொண்டிருந்தார். இலையை ஒரே அகலமான கீற்றுகளாக நகத்தால் கிழித்து, அளவுப் பலகையின்மேல் வைத்துக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் மேலாகக் கீறி, பின்பு ஒரு மட்டியோட்டின் விளிம்பால் அந்த இடங்களை ஒரே இழுப்பாக வழித்தார். பச்சைத் தோல் சுருண்டு விழ, உள்ளிருந்து பளபளவென்று வெண்ணார் வெளிப்பட்டது. இவ்வாறு வழித்த கீற்றை அவித்து உலர்த்தினால், தோல் நீங்காத பகுதி தானாகவே சுருண்டு குழலாகி வைக்கோல் நிறமடைகிறது. அதன்பின் மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, இரும்புச் சத்துள்ள சேற்றிலே தோய்க்க, நார் வெளிப்பட்ட பகுதி மாத்திரம் சாயத்தை உறிஞ்சிக் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. தூரிகையும் அச்சும் இல்லாமல், எங்கே வழிப்பது, எங்கே விடுவது என்ற கணக்கு ஒன்றினாலேயே கறுப்பும் பொன்னுமாய்க் கோலம் விழும் இந்த யுக்தியைக் கண்டு நான் மெய்யாகவே பிரமித்துப்போனேன்.

“இஞ்ச பாருங்க, நம்மட ஆக்கள் மாதிரித்தான் காலை நீட்டி இருந்து வேலை செய்றாங்க” என்றார் துணைவியார். பிறகு அந்த மூதாட்டிக்கு எங்கள் வாவிப்பக்கத்துப் பன்பாயைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினார்: நீர்நிலையோரத்துப் பன்னை வெட்டி, வெயிலில் உலர்த்தி, சாயம் காய்ச்சித் தோய்த்து, தறியில்லாமல் நிலத்திலிருந்து கையாலேயே இழைப்பதை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்களுக்கு அது யார் பழக்கியது?” என்று கேட்டார் மூதாட்டி. அம்மம்மா முழுப்பாய் இழைப்பார், அம்மாவுக்குப் பாதி தெரியும், தனக்கு ஓரம் மடிக்க மாத்திரம் வரும் என்று துணைவியார் கூச்சத்தோடு சொன்னார். ஒரு கைப்பணி மூன்று தலைமுறையில் எப்படித் தேயும் என்பதற்கு இதனினும் சுருக்கமான சரித்திரத்தை நான் கேட்டதில்லை.

சிற்பக்கூடத்தில் இளைஞர்கள் தோத்தரா மரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். செதுக்கிய தூளை வாயால் ஊதுவதும், சிராய்களைச் சமையலுக்கு எரிப்பதும் அவர்கள் மரபில் விலக்கு.

இக்கலைகள் இயல்பாகவே பிழைத்திருக்கின்றன என்று எண்ணிவிடலாகாது. 1896ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மாவோரியரின் தொகை ஏறக்குறைய 42,000 ஆகக் குறைந்திருந்தது. அழிந்துபோகும் இனம் என்றே வெள்ளையர் பலர் எழுதினார்கள். சேர் அபிரானா ஙாட்டா என்னும் மாவோரித் தலைவர் 1926ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை இயற்றுவித்து, ரொட்டோருவாவில் கைப்பணிப் பள்ளிக்கு வழிசெய்தார். அது பின்னர் நின்றுபோக, 1963ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இப்போதைய நிறுவனம் உருவாயிற்று. 1967இல் முதல் மாணவர் சேர்ந்தபோது ஆசானாயிருந்த ஹோனே தையாப்பா, ஙாட்டாவின் காலத்தில் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1969இல் எமிலி ஷூஸ்டரின் தலைமையில் நெசவுப் பயிற்சியும் ஆரம்பமாயிற்று. பிரயாணிகள் ஊற்றுப் பார்க்கக் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் இப்பயிற்சிக்கும் உதவுகிறது. காட்சிக்காகச் செய்யப்படும் கலை கலையாகுமா என்று முகஞ்சுளிப்போர் உண்டு. மட்டியோட்டைப் பிடித்திருக்கும் கையைக் கிட்ட நின்று பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

எங்கள் வாவியோரத்தில் பன்பாய்க்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பாய் வீடுவீடாக வந்துவிட்டது. மலிவும் இலகுவுமாகையால் வாங்குவோரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. குறையெல்லாம் பழக்கிவிட ஏற்பாடு இல்லாததே. ஙாட்டாவைப் போலச் சட்டம் இயற்றுவிக்க நம்மால் ஆகாதாயினும், பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் வாரத்துக்கொரு பிற்பகல் பாய்விரித்து உட்காரவைப்பது ஆகாத காரியமன்று. பெரியகல்லாற்றிலும் அயலூர்களிலும் உள்ள அதிபர்மாரும் ஆலய பரிபாலன சபையாரும், பாய் இழைக்கத் தெரிந்த தாய்மாரை மரியாதையோடு அழைத்து, உரிய வேதனமும் கொடுத்து, வரும் தவணையிலேயே இதைத் தொடங்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் வகுப்புக்கு என் துணைவியார் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மாணவியாக.