விளக்கைச் சுற்றிய சனிக்கிழமைகள்

மாட்டுங்காவை விட்டுச் செம்பூருக்குக் குடிவந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் பம்பாய் என்றால் எனக்கு அந்தப் பழைய கட்டடத்தின் கூடம்தான். சனிக்கிழமை சாயங்காலம் பஜனைக்காகக் கட்டிலும் பெட்டிகளும் மாடிப்படிக்குப் போய்விடும். நடுவில் குத்துவிளக்கு, மூலையில் ஆர்மோனியமும் மிருதங்கமும். வாரமெல்லாம் ஃபோர்ட்டில் டைப் அடித்த மாமாக்கள் வேஷ்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஜால்ராவோடு இறங்குவார்கள்.

தோடய மங்களம், குரு கீர்த்தனை, அஷ்டபதி என்று வரிசை பிசகாது. மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் 200 வருஷங்களுக்கு முன் வகுத்துக் கொடுத்த பத்ததி அது. திவ்யநாமம் வந்துவிட்டால் மட்டும் ஒழுங்காவது ஒன்றாவது! விளக்கைச் சுற்றிக் கும்மி, கோலாட்டம். ஆபீசில் வாயே திறக்காத மாமா ஒருவர் மேல்துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு கோபிகையாகி, நாணிக் கோணி ஆடுவார். பாட்டி தன் ஊர்க் குளத்தங்கரையில் அடித்த அதே கும்மி. பக்தி இயக்கங்கள் நாட்டார் கலைக்கு நிறையக் கொடுத்தன என்பார்கள். நான் பார்த்தவரை வாங்கிக்கொண்டதுதான் அதிகம்.

அஷ்டபதி பாடிய ஜெயதேவர் 12-ஆம் நூற்றாண்டில் வங்காளத்து லட்சுமணசேனன் அவையில் இருந்தவர் என்பது வழக்கு. பிறந்தது வங்கத்திலா ஒடிசாவிலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்குப் பொங்கல் வருகிற சமயத்தில் வங்கத்தின் கெந்துளியில் அஜய் நதிக்கரையில் அவர் பெயரால் திருவிழா. ஏக்தாரா மீட்டும் பாவுல் பாடகர்கள் இராப்பகலாகப் பாடுகிறார்கள். சைதன்யரின் நாம சங்கீர்த்தனமும் அங்கே தெருவில் வளர்ந்ததுதான். 1510 வாக்கில் அவர் ஸ்ரீரங்கம் வந்து நான்கு மாதம் தங்கியதாக அவருடைய சரிதம் சொல்கிறது. நம்மிடம் அஷ்டபதிக்குக் கர்நாடக ராகங்கள் அமைந்தன. தஞ்சை மராட்டிய அரசர்கள் காலத்தில் மராட்டி பக்திப் பாடலான அபங்கமும் பஜனைக்குள் வந்து சேர்ந்தது. அந்த அபங்கத்தை மாட்டுங்காவில் நாங்கள் பாடினால், கீழ்வீட்டு மராட்டிக்காரர் எங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தபடியே தன் தாளங்களோடு வந்து உட்காருவார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ரயில் தடத்துக்கு அந்தப் பக்கம் தாராவியில் திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள் அம்மனுக்கு விழா எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட எங்கள் கூடத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை. மராட்டிக்காரருக்கு இடம் இருந்தது.

கட்டடத்தை இடித்து டவர் எழுப்பிவிட்டார்கள். ராதா கல்யாண பஜனை நின்றுபோகவில்லை. மண்டபம், மேடை, மைக் என்று விமரிசையாகவே நடக்கிறது. பாடுகிறவர்களும் எங்கள் மாமாக்களைவிட ஸ்ருதி சுத்தம். எழுந்து ஆடத்தான் இடமில்லை, நாற்காலி போட்டுவிட்டார்கள்.

மாமாக்களிடம் கையெழுத்து நோட்டுகள் இருந்தன. ககரத்துக்கு மேல் 2, 3, 4 என்று எண் போட்டு, சமஸ்கிருதத்தைத் தமிழ் எழுத்தில் இறக்கியிருப்பார்கள். எந்த ராகம், எந்த இடத்தில் காலம் மாறும் என்பதெல்லாம் ஓரத்தில் பென்சிலில் இருக்கும். அச்சுப் புத்தகத்தில் இதெல்லாம் கிடைக்காது. வீடு மாறும்போது பழைய பேப்பரோடு இவையும் ரத்திவாலாவிடம் போய்விடுகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு நோட்டு கிடந்தால், எடைக்குப் போடுமுன் பக்கம் பக்கமாகப் படமாவது எடுத்து வையுங்கள்.