ஓடையே எதிரேறினாலும்

டிசம்பர் 21, 2024, சனி

காலையிலேயே அத்தை வந்துவிட்டார். மகன் தவறியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை. “கோடாங்கிகிட்ட ஒரு எட்டு கூட்டிட்டுப் போய்யா. அவன் வாயால ஒரு வார்த்த கேட்டாப் போதும்.” மறுக்க வாய் வரவில்லை. முத்தையா சாமி கோயில்வரை கூட நடந்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கடவுளை நம்புகிறேன்; உடுக்கை அடித்துச் சொல்லும் வாக்கை நம்பவில்லை. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாக வாதாடியவர்கள் யூதர்கள். இப்போது அவர்களைத்தான் படிக்கிறேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

யூதர்களின் தால்முத் நூலில் ஓர் அடுப்பு வழக்கு. துண்டுகளாக வெட்டி, இடையில் மணல் இட்டுச் சேர்த்த அடுப்புக்குத் தீட்டு உண்டா? இல்லை என்கிறார் ரபி எலியேசர். மற்றவர்கள் உண்டு என்கிறார்கள். அவர் சொல்லுக்குச் சாட்சியாக மரம் பெயர்ந்து தள்ளி நிற்கிறது, ஓடை பின்னோக்கி ஓடுகிறது, பாடசாலைச் சுவர் சாய்கிறது. கடைசியில் வானத்துக் குரலே அவர் பக்கம் பேசுகிறது. ரபி யோசுவா எழுந்து, சட்டம் இப்போது வானத்தில் இல்லை என்கிறார். பெரும்பான்மைப்படியே தீர்ப்பு. பிள்ளைகள் தன்னை ஜெயித்துவிட்டார்கள் என்று கடவுள் சிரித்தாராம்.

நம் பக்கம் திருவேடகத்தில் சம்பந்தரின் ஏடு வைகையில் எதிரேறியதும் வாதம் முடிந்தது என்கிறது பெரியபுராணம். தால்முதிலோ தண்ணீரே திரும்பியும் வாதம் முடியவில்லை. அதிசயம் நடக்கவில்லை என்று ரபிகள் சொல்லவில்லை. நடந்தாலும் வழக்குக்கு அது சாட்சியாகாது என்றார்கள். சொன்னவர்கள் நாத்திகர்கள் அல்லர். அதுதான் என்னை உலுக்குகிறது.

பிறகு எலியேசரை விலக்கிவைத்தார்கள். செய்தி சொல்ல ரபி அகிவா கறுப்பு உடுத்திப் போனார். எலியேசர் அழுதார். இந்த இடத்தை என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

யூத அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204), எகிப்தின் ஃபுஸ்தாத்தில் வைத்தியர். குறி, மந்திரம், செத்தவரிடம் கேட்பது எல்லாம் வெறும் பொய் என்று சட்டநூலிலேயே எழுதியவர். கடவுள் எப்படிப்பட்டவர் அல்லர் என்றுதான் நாம் சொல்ல முடியும் என்றார். அடுத்த தலைமுறைகளில் நாக்மனிடிஸ் மந்திரம் மெய்தான் என்று மறுத்தார். யூதருக்குள் இதற்கு ஒரே பதில் என்றும் இருந்ததில்லை.

மைமோனிடிஸின் தம்பி தாவீது வியாபாரி. இந்தியக் கடலில் மூழ்கிப்போனார். புறப்படும்முன் செங்கடல் துறையிலிருந்து, கவலைப்படாதே என்று அண்ணனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அண்ணன் ஒரு வருடம்போல் படுத்த படுக்கை. ஆண்டுகள் கழித்தும் தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு புரளும் என்று எழுதினார். அந்த மனிதர் ஆவி அழைப்பவரிடம் போகவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

இன்று யூதர்களின் ஹனுக்கா பண்டிகை, கிஸ்லேவ் மாதம் 25. யூத ஆண்டு 5376இல் இதே நாளில் கொச்சியில் இறந்தவர் யூத ஞானி நெகேமியா மோதா. மட்டாஞ்சேரியில் அவர் சமாதியில் எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொள்வார்கள். மைமோனிடிஸ் ஒப்பியிருக்கமாட்டார். எனக்கு அந்தக் கைகளைத் தட்டிவிட மனம் வரவில்லை.

சாயங்காலம் அத்தையிடம் அந்த அண்ணன் தம்பி கதையைச் சொன்னேன்.

“அப்புறம் எப்படிய்யா எந்திரிச்சாரு?”

படிப்பு தூக்கிவிட்டது, தம்பி மனைவியும் மகளும் அவர் பொறுப்பில் இருந்தார்கள் என்றேன். அந்தக் குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டார். சின்னப் பிள்ளை என்றேன். ரொம்ப நேரம் அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசினார்.

சனிக்கிழமை கோடாங்கியிடம் போகலாம் என்றால் கூடப் போவேன். அந்த வாக்கை நான் நம்பவில்லை என்பதையும் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.