இறுகிய லீவர்: திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் பழுதுபார்ப்பு

திண்டுக்கல் நகரின் நாகல் நகர்ப் பகுதியிலும் அதை ஒட்டிய நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி ஆகிய ஊர்களிலும் கையால் பூட்டுச் செய்யும் தொழில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் இதைத் தொடங்கிவைத்தார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. ஒரு பொருளின் பெயரை அது பிறக்கும் ஊருக்கே உரிமையாக்கும் புவிசார் குறியீடு, 2019 ஆகஸ்டில் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்தபோது திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. அதன்பின் இத்தொழிலைப் பற்றி எழுதியவர்கள் மாங்காய் வடிவப் பூட்டையும், சாவி திரும்பும்தோறும் மணியடிக்கும் பூட்டையும், சூட்சுமம் தெரியாதவர் திறக்க முடியாத தந்திரப் பூட்டையும் வியந்து எழுதினார்கள். பழுதாகிப் பட்டறைக்குத் திரும்பி வரும் பூட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. செய்பவரின் கைத்திறன் முழுவதும் வெளிப்படுவது அந்தப் பழைய பூட்டைப் பிரிக்கும்போதுதான்.

பழுதை விளங்கிக்கொள்ள உள்ளமைப்பைச் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் பூட்டுகளில் பெரும்பாலானவை லீவர் பூட்டுகள். லீவர் என்பது ஒரு முனையில் முளையாணியில் மாட்டப்பட்டு, மறுமுனை மேலும் கீழும் அசையக்கூடிய மெல்லிய தகடு. இத்தகைய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தோ ஏழோ அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பற்கள் லீவர்களை அவற்றுக்குரிய உயரத்துக்குத் தூக்கும்போது எல்லா வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்க, தாழில் உள்ள சிறு கட்டை அந்த வழியே நுழைந்து நகர்கிறது. ஏதேனும் ஒரு லீவர் மயிரிழை குறைவாகவோ கூடுதலாகவோ உயர்ந்தாலும் கட்டை முட்டிக்கொள்ளும். கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது என்ற இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778இல் காப்புரிமை பெற்றார். திண்டுக்கல் கொல்லர் அதை அரத்தாலும் சுத்தியாலும் தம் பட்டறைக்கு உரியதாக்கிக்கொண்டார்.

பூட்டு இறுகிவிட்டது என்று சொல்லிக் கொண்டுவருபவர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். வாங்கிப் பார்ப்பவருக்கோ அதில் பல நோய்கள் தெரிகின்றன. சாவி உள்ளே நுழையாதது ஒன்று, நுழைந்தும் திரும்பாதது மற்றொன்று, திரும்பியும் தாழ் நகராதது வேறொன்று, பூட்டியபின் சாவியை உருவ முடியாதது இன்னொன்று. இவற்றில் முதலாவது பெரும்பாலும் துளையில் அடைந்த மண். மூன்றாவது தாழின் தேய்மானம். இரண்டாவதும் நான்காவதும்தான் லீவரின் குற்றம், அதாவது தூக்கப்பட்ட லீவர் தன் இடத்துக்குத் திரும்பி வராத குற்றம். சாவியைப் பாதி திருப்பி விட்டுவிட்டால், நல்ல பூட்டில் லீவர்கள் விழும் ஓசை கேட்கும். ஒன்று தங்கிவிட்டால் அந்த ஓசை மழுங்கும். எத்தனையாவது லீவர் தங்கியிருக்கிறது என்பதைத் திறக்காமலே சொல்லிவிடும் கைகள் உண்டு. கேட்டுப் பழகியதன் விளைவே அது.

தங்குவதற்குக் காரணம் துருவும், தகடுகளுக்கிடையே புகுந்த மண்ணும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரர் அன்போடு ஊற்றிய எண்ணெயும். சமையலறையில் கைக்கு அகப்படும் நல்லெண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் பிசினாகிறது. அதன்மேல் கோடைப் புழுதி படிய, லீவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தேங்காயெண்ணெய் அவ்வளவு எளிதில் பிசினாவதில்லை என்றாலும், ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். சமவெளியில் இதனால் பெரிய தொல்லை இல்லை. அதே மாவட்டத்தில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில், தேங்காயெண்ணெய் விட்ட பூட்டு விடியற்காலையில் திறக்க மறுத்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கின் விசையோ மிகச் சிறியது; பிசினை வெல்லும் வலு அதற்குக் கிடையாது. ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினால் சாவி திருப்ப வலிக்கும், பற்களும் தேயும்.

இலேசான இறுக்கமானால் பூட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சாவியை வலிந்து திருப்பாமல் முன்னும் பின்னும் சிறுகச் சிறுக அசைத்து, அழுக்கைக் கரைத்து வெளியேற்றினால் போதும். ஊறியும் வழிக்கு வராத பூட்டைத்தான் பிரிக்க வேண்டும். மேல்தகடும் அடித்தகடும் ரிவிட் என்னும் தட்டி அகட்டிய ஆணிகளால் இணைக்கப்பட்டிருப்பதால், வைஸில் பூட்டைப் பிடித்து ஆணித்தலைகளை அரத்தால் தேய்த்து எடுக்கிறார்கள். தகட்டைத் தொடாமல் தலையை மட்டும் தேய்ப்பதே அங்கே கவனத்துக்குரியது. மேல்தகடு கழன்றதும் லீவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசை மாறாமல் பலகையில் பரப்பி வைக்கிறார்கள். பார்வைக்கு அவை ஒன்றுபோலவே இருந்தாலும் வெட்டின் உயரம் ஒவ்வொன்றிலும் வேறு. இரண்டு இடம் மாறிவிட்டால், அழுக்கெல்லாம் போன பூட்டு அதன் சொந்தச் சாவிக்கே திறக்காது. துருவை உப்புத்தாளால் போக்கி, வெட்டின் விளிம்பில் எழுந்த பிசிறை மெல்லிய அரத்தால் நீக்கியபின், எங்கே இன்னும் உரசுகிறது என்று அறிய உலோகத்தில் விளக்குப் புகையைக் கரியாகப் படியவிட்டு அசைத்துப் பார்ப்பது பூட்டுத் தொழிலின் பழைய உத்தி. கரி அழிந்து உலோகம் பளிச்சிடும் இடமே உரசும் இடம். அங்கே இரண்டு இழுப்பு. அதற்குமேல் இழுத்தால் அந்த லீவர் வீண்.

வீணானால் கடையில் வாங்கி மாற்றுவதற்கு அதே லீவர் கிடையாது என்பதே இத்தொழிலின் தனித்தன்மை. எதிர்நிலையில் வைத்துப் பார்க்க ஒரு பொருள் உண்டு. மின்கித்தார் வாசிப்பவர்கள் மேடையில் காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல் என்ற சிறு பெட்டியின் சுவிட்சும் இதே நோயால் துன்புறுகிறது: மிதித்த தண்டு உள்ளே சிக்கி மேலே வராமல் நின்றுவிடுகிறது, காரணமும் தூசியும் துருவும் தளர்ந்த ஸ்பிரிங்குமே. ஆனால் பல பெடல்களில் உள்ள அந்த சுவிட்ச், அடியில் ஒன்பது இணைப்பு முனைகள் கொண்ட, உலகெங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் விற்கும் பண்டம்; தூசு நீக்கும் தெளிப்பானுக்கு அது மசியவில்லை என்றால், ஒன்பது முனைகளின் ஈயப்பற்றை உருக்கிப் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பற்றவைப்பதோடு வேலை முடிந்தது. உள்ளே என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. திண்டுக்கல் லீவரோ ஒரு சாவிக்காகவே, ஒருவர் கையால் அராவப்பட்டது. ஆகவே அதைப் பழுதுபார்ப்பவர் பாதிப் பூட்டைப் புதிதாகச் செய்தே ஆகவேண்டும். பூட்டுச் செய்யத் தெரியாதவருக்கு அதைப் பழுதுபார்க்கவும் தெரியாது.

ஸ்பிரிங் விஷயத்திலும் இதே நிலை. எஃகுப் பட்டையை வளைத்து, செஞ்சூடாக்கி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகி எளிதில் முறியும். மீண்டும் ஏறத்தாழ 300 டிகிரிக்கு இளஞ்சூடேற்றி, அதன் மேற்பரப்பு நீலம் பாரிக்கும் கணத்தில் நிறுத்தினால்தான் வளைந்து மீளும் குணம் வருகிறது. நீலம் தாண்டிச் சாம்பல் நிறமானால் அது வெறும் கம்பி.

அலிகாரில் இயந்திரத்தால் செய்யப்படும் மலிவான பூட்டுகளோடு போட்டியிட முடியாமல் திண்டுக்கல் தளர்ந்தது என்பது எல்லோரும் சொல்வது; அது உண்மையே. அதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது, மலிவான பூட்டு வந்தபின் பழுதுபார்க்கும் கூலி புதுப்பூட்டின் விலையை நெருங்கிவிட்டது என்பதாகும். கோயில், சிறைச்சாலை, கிட்டங்கி ஆகியவற்றின் பெரிய பூட்டுகளுக்கே இன்று இந்த உழைப்பு கட்டுபடியாகிறது. புவிசார் குறியீடு பெயரைப் பிறர் திருடாமல் காக்கும். பழைய பூட்டை எடுத்துக்கொண்டு வருபவரை அதனால் வரவழைக்க முடியாது.

சீரான லீவர்களை வரிசைப்படி அடுக்கி, மேல்தகட்டைப் பொருத்திப் புது ரிவிட் அடிக்கும்போது கடைசி இடர் ஒன்று காத்திருக்கிறது: ஓர் அடி கூடுதலாக விழுந்தால் தகடுகள் நெருங்கி லீவர்களை நசுக்கும், பூட்டு பழையபடி இறுகும். அதனால் ஒவ்வொரு ஆணிக்கும் இடையே சாவியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே அடிக்கிறார்கள். முடித்தபின் பூட்டைத் தொங்கும் நிலையில் மட்டும் சோதிப்பதில்லை, ஏனெனில் அந்நிலையில் தளர்ந்த ஸ்பிரிங்கின் குறையை லீவரின் எடையே மறைத்துவிடும். தலைகீழாகப் பிடித்துச் சாவியைத் திருப்பி, அப்போதும் எல்லா லீவர்களும் தம் இடத்துக்கு மீண்டால்தான் பூட்டை உரியவரிடம் கொடுக்கிறார்கள்.