“பாவம்டா!”

“பாவம்டா!” என்றாள் அம்மா. படம் ஆரம்பித்துச் சில விநாடிகள்தான் ஆகியிருக்கும். துப்பாக்கி வெடித்தது, சிவாஜி கணேசன் சுருண்டு விழுந்தார். எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன் காலி!

1954-ல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஏவி.எம். தயாரிப்பு. டைரக்‌ஷன், வீணையில் கொடி கட்டிப் பறந்த எஸ். பாலசந்தர். அவர் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது! பாட்டுக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போன காலத்தில் என்ன துணிச்சல்!

கதை நடப்பது 1943-ல், ஜப்பான்காரன் குண்டு போட்ட சென்னையில். ரேடியோ என்ஜினீயர் ராஜன் செத்துக் கிடக்கிறான். ஸி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். (இந்த விசாரணை நடுவில் கொஞ்சம் நீளந்தான்.) சொல்லுகிறவர் மாற மாற, செத்தவனும் மாறுகிறான். தம்பிக்குப் பங்கு கொடுக்காத அண்ணன்; மனைவிக்குத் தெரியாமல் இன்னொருத்தியை நாடியவன்; கடைசியில், எதிரிக்கு ரகசியம் விற்ற தேசத் துரோகி.

அதே வருஷம் ‘மனோகரா’வில் வசனத்தால் கொட்டகையை அதிர வைத்தவர் சிவாஜி. இதிலோ கர்ஜனை இல்லை, முறைப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சாவதானமாகத் தன் நியாயத்தைப் பேசுகிறார். தான் செய்வது தப்பு என்றே ராஜனுக்குத் தோன்றவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய்க்கு ஒரு பக்கம் தாலி, ஒரு பக்கம் தேசம். அந்தத் தவிப்பை அவர் கண்ணிலேயே பார்க்கலாம்.

தம்பி பங்கு கேட்கும் கட்டம் வந்தபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஓர் அண்ணா உண்டு. ஊரிலிருந்த நிலத்தை எனக்குச் சொல்லாமல் விற்றவர். ஆறு வருஷமாக அவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

ராஜன் யார் கையால் செத்தான் என்பதைச் சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் என்னைச் சபிப்பார்கள்.

படம் முடிந்ததும், “இப்பவும் பாவந்தானா, அம்மா?” என்று கேட்டேன்.

அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, “அண்ணாவுக்கு ஒரு போன் போட்டுக் கொடேன்” என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். நான் பேசவில்லை.