கூட்ரோடு வைத்தியம்

கோலியனூர் கூட்ரோட்டில் பண்ருட்டிப் பக்கம் பஸ் திரும்பும் இடத்தில் ஒரு மதில் இருந்தது. தேர்தல் வந்தால் அதில் கட்சிச் சின்னம். மற்ற நாட்களில் நீல எழுத்தில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்'. எழுத்துக்கூட்டப் பழகிய வயதில் அதை உரக்கப் படித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். ஊரே பார்க்கிற சுவரில் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது.

பெரியப்பாவும் சொல்லவில்லை. வெளிக்குப் போகும்போது ரத்தம் போவதைப் பெரியம்மாவிடம்கூட மாசக்கணக்கில் மறைத்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகு துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தார்கள். கருணைக்கிழங்கு லேகியம் வந்தது. "மூலச்சூடுடா, மோர் குடிச்சா சரியாப் பூடும்" என்பார்.

துத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். மூலத்தை 21 வகையாகப் பிரித்து வைத்த சித்த மரபு நம்முடையது. ஆனால் மூலத்து ரத்தமும் புற்று ரத்தமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். கூச்சம் போடும் கணக்கில் இரண்டுமே சூடுதான்.

2013-ல் டாக்டர் ரங்கபாஷ்யம் காலமான செய்தியைப் படித்தபோது பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. இருவரும் சந்தித்ததே இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைத் துறையை உருவாக்கியவர் அவர். மலக்குடல், ஆசனவாய் நோய்களையும் அதனுடன் சேர்த்துப் பல்கலைக்கழகப் பாடமாக்கினார். அந்தத் துறைக்கு எம்.சிஎச். படிப்பைத் தொடங்கினார். 2002-ல் பத்மபூஷண் கிடைத்தது. எனக்கு அம்மாவிடம் அடி வாங்கித் தந்த சொற்களை அவர் வகுப்பறையில் கூச்சமின்றிச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

லண்டனிலும் ஒருவர் இப்படித் துணிந்தார். பிரடெரிக் சால்மன் 1835-ல் ஏழைகளின் பவுத்திரத்துக்கும் மலக்குடல் நோய்களுக்கும் என்றே ஏழு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதுதான் பின்னாளில் செயின்ட் மார்க்ஸ். நாவலாசிரியர் டிக்கன்ஸுக்கு 1841-ல் பவுத்திர அறுவை செய்தவரும் இவரே. அப்போது மயக்க மருந்து கிடையாது.

பெரியப்பாவுக்கு மயக்க மருந்து இருந்தது. இங்கிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர். அங்கே ஓர் இளம் டாக்டர் கையுறை மாட்டி விரலால் பார்த்தார். அவ்வளவு நாள் மறைத்ததைக் கண்டுபிடிக்க அந்த ஒரு விரலே போதுமாக இருந்தது. மலக்குடலில் புற்றுக்கட்டி. அது ரொம்பக் கீழே இருந்ததால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்து, வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டினார்கள். மைல்ஸ் என்ற லண்டன் சர்ஜன் 1908-ல் எழுதிவைத்த முறை அது. உயிரைக் காக்கும், பையைக் கொடுக்கும்.

பையைத் தவிர்ப்பது எப்படி என்பது அதற்குப் பிந்தைய ஆராய்ச்சியின் பெரிய கேள்விகளில் ஒன்று. பேசிங்ஸ்டோக் என்ற இங்கிலாந்து நகரில் வேலை பார்த்த பில் ஹீல்டு, 1982-ல் ஒன்றைச் சொன்னார். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுத்தால், புற்று அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும். நுங்குச் சுளையைத் தோல் கிழியாமல் எடுக்கிற பொறுமை அதற்கு வேண்டும். கட்டி சற்று மேலே இருந்தால் குடலை மறுபடி இணைத்துவிடலாம், பை நிரந்தரமில்லை. பெரியப்பாவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

ஆனால் அவரை மாற்றியது அந்தப் பைதான். கொஞ்ச நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர், பிறகு வேட்டியைப் பைக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். "எனக்குக் கக்கூசு கூடவே வருதுடா" என்று அவரே ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவரையும் பார்த்து, "உனக்கு ரத்தம் போவுதா, சொல்லு" என்பார். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் சிலர் பின்னால் தனியாக வந்து கேட்டார்கள். அவர் பேச்சைக் கேட்டு ஜிப்மருக்குப் போனவர்களும் உண்டு.

2010-லிருந்து எங்கள் பக்கத்து முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தூரம் இனி ஒரு சாக்கு இல்லை. ஐம்பது வயதுக்குக் கீழேயும் இந்தப் புற்று வருகிறது. துத்தி சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும். அதற்கு முன்னால் ஒரு டாக்டரின் விரல் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.