நிக்குதா சார்?

புதுசாகப் பழைய கார் வாங்கியவனை ஆபீஸில் எல்லோரும் "நல்லா ஓடுதா?" என்றுதான் விசாரிப்பார்கள். திருக்கனூர் மெக்கானிக் கேட்ட கேள்வியே வேறு: "நிக்குதா சார்?"

2008 மாடல் மாருதி 800. விலை 45,000 ரூபாய். பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்ரகாளியம்மனைச் சொந்தக் காரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பஸ் படி ஏற அம்மாவின் முழங்கால் சம்மதிப்பதில்லை.

வில்லியனூர், பத்துக்கண்ணு வழியாக வெள்ளோட்டம் புறப்பட்டேன். இந்தப் பக்கத்து எல்லைக்கோட்டை யாரோ குலுங்குகிற பஸ்ஸில் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும்! புதுச்சேரி என்று நினைத்தால் தமிழ்நாடு. தமிழ்நாடு என்று நினைத்தால் மறுபடி புதுச்சேரி. என் கார் மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை. எந்த ஆட்சியில் பிரேக் மிதித்தாலும் பத்தடி தள்ளியே நின்றது.

திருக்கனூர் கடைவீதியைத் தாண்டி, வேப்பமரத்தடியில் ஒரு ஷெட். அண்ணன் அரை மணி நேரம் காருக்கு அடியில் குடியிருந்துவிட்டு ஒரு சீட்டு நீட்டினார். பதினோரு ஐட்டம், 38,000 ரூபாய்.

"அண்ணே, காரே 45-தான்!"

"எல்லாத்தையும் செய்யச் சொன்னேனா? சீட்டை மூணாக் கிழிங்க. நிக்கறதுக்கு, ஓடறதுக்கு, மினுக்கறதுக்கு."

என் கையிருப்பு 15,000. அதில் ஏ.சி.யும் பெயின்ட்டும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். சித்தி வீட்டு வாசலில் பளபளவென்று போய் இறங்க வேண்டாமா?

அண்ணன் பின்சக்கரத்தின் உள்பக்கத்தைக் காட்டினார். ஈரம். பிரேக் வீல் சிலிண்டர் லீக். டயரில் 3214 என்ற நம்பர். "2014-ம் வருஷம் 32-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லாத்தான் இருக்கும். ரப்பர் செத்துப் போச்சு. இதுல அம்மாவை உக்கார வெச்சு ஏ.சி. போடப் போறீங்களா?"

வாயடைத்துப் போனேன்.

அடுத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் காரெல்லாம் ஒட்டிப் பார்த்தார். டிரைவர் கதவில் ஒட்டாமல் தொப்பென்று விழுந்தது. உள்ளே தகரமில்லை, பட்டி!

"எங்க ஊர்ல காகிதக்கூழ்ல பொம்மை செய்வாங்க சார். புவிசார் குறியீடே வாங்கியிருக்கு. உங்க கதவுக்கும் கேட்டுப் பாக்கலாம்!"

சிரித்துக்கொண்டே மேட்டைத் தூக்கி, தரையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். அங்கேதான் அவர் முகம் சீரியஸானது. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. கதவு துருப்பிடித்தால் அவமானம். தரை துருப்பிடித்தால் ஆபத்து. நல்லவேளை, ஓரிடத்தில்தான் ஓட்டை. வெல்டிங்கில் முடியும். "ரெண்டு பக்கமும் போயிருந்தா, வித்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

இன்னொரு கணக்கும் போட்டோம். 15 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. பழைய ஓனர் 2023-லேயே கட்டிவிட்டார். 2028 வரை கவலையில்லை. அப்புறம் 20 வருஷம் தாண்டிவிடும். அதற்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். ஆக, 2028 வரை உழைக்கிற ரிப்பேருக்கு மட்டும் காசு. அதற்குமேல் உழைக்கிற பெயின்ட் அடுத்த ஓனருக்கு நான் வைக்கும் மொய்!

பிரேக், ஷெட்டிலிருந்த மிதமான பழைய டயர் வேண்டாமென்று இரண்டு புது டயர், ரேடியேட்டர் ஹோஸ், டைமிங் பெல்ட், தரை வெல்டிங். 14,600 ரூபாய். மிச்சம் நானூறில் ஒரு காகிதக்கூழ் பொம்மை. பெயின்ட் ஆசைக்கு ஆறுதல்!

பௌர்ணமியன்று அம்மா முன்சீட்டில். திருவக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் வேலியோரத்திலிருந்து ஒரு கன்றுக்குட்டி துள்ளி ஓடி வந்தது. மிதித்தேன். நின்றது. நான்கடி இடைவெளியில் கன்று எங்களைப் பார்த்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏ.சி. இல்லியேம்மா..."

"ஜன்னலைத் தொறந்தா காத்து வருதுடா. போ."

திரும்பும் வழியில் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்த்தோம். சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. மரத்துக்கு அந்த யோகம் உண்டு. தகரத்துக்கு இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் கேட்டார்கள்: "வண்டி நல்லா ஓடுதா?"

"நல்லா நிக்குது சார்!" என்றேன்.